ஏரியை எப்பப் பார்க்கறது?

ஊட்டி ஏரிக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் "ஓ, போட் ஹவுஸ்தானே, போயிருக்கோமே!" என்பீர்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் இந்த வார விமர்சனம். சினிமாவையும் புத்தகத்தையும் மட்டும்தான் விமர்சிக்க வேண்டுமா என்ன? ஒரு பிக்னிக் இடத்தையும் செய்யலாம். டிக்கெட் வாங்குகிறோமே!

சென்ற முறை குடும்பத்தோடு போனோம். எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், எண்பது வயசு அத்தை. உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் படகுக்கு வரிசையில் நின்றார்கள். அப்புறம் சின்ன ரயில், பொம்மைக் கடை, மிளகாய்த் தூள் தூவின மாங்காய், செல்ஃபி. மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. கிளம்பும்போது அத்தை கேட்டாள்: "எல்லாம் ஆச்சு. ஏரியை எப்பப் பார்க்கறதுடா?"

யோசித்துப் பார்த்தேன். எடுத்த அத்தனை போட்டோவிலும் நாங்கள் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றிருக்கிறோம்.

இந்த ஏரி இயற்கை கொடுத்ததில்லை. 1820களில் கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், மலை ஓடைகளை மறித்து உண்டாக்கியது. கரை உடைந்ததும் உண்டு, திரும்பக் கட்டினதும் உண்டு. அப்போது இருந்த அகலம் இப்போது இல்லை. பஸ் ஸ்டாண்டும் பந்தய மைதானமும் ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற இடத்தில் வந்தவை. ஊட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி "ஏரி எங்கே சார்?" என்று கேட்கிறவர், ஏரிக்குள் நின்றுகொண்டுதான் கேட்கிறார்!

இன்னொன்று. கோடப்பமந்து கால்வாய் என்று ஒன்று ஊருக்குள்ளிருந்து வருகிறது. 'மந்து' என்றால் தோடர்களின் குடியிருப்பு. அழகான பேர். அதில் வருவது அழகானதில்லை, ஊரின் சாக்கடை. அது சேருமிடம் இந்த ஏரி. தூர் வாருவதும், கால்வாயைச் சீர்படுத்துவதும், மறுபடி அழுக்கு சேருவதும் பழைய கதை.

நியாயமாகவும் பேச வேண்டும். 1973லிருந்து தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் இங்கே படகு விடுகிறது. மிதி படகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு என்று வசதிக்கேற்ப ஏறலாம். வாழ்க்கையில் முதல் தடவை படகேறுகிற குழந்தையின் முகத்தைப் பார்த்தால் எந்த விமர்சகனும் பேனாவை மூடிவிடுவான். என் குறை படகின் மேல் இல்லை. ஏரி என்பது படகு மிதக்கத் தேவையான ஒரு சாமான், அவ்வளவுதான் என்று நாம் நினைத்துவிட்டதன் மேல்தான்.

கொடைக்கானலை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஏரியும் 1863ல் லெவிஞ்ச் என்ற முன்னாள் மதுரை கலெக்டர் உண்டாக்கியதுதான். அங்கேயும் கூட்டம் உண்டு, குதிரை உண்டு, கடை உண்டு. ஆனால் கரையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். நடந்தாலும் சைக்கிள் மிதித்தாலும் தண்ணீர் கூடவே வருகிறது. பார்க்காமல் தப்ப முடியாது. ஒரு ஏரிக்கரையை அளக்க என்னிடம் உள்ள ஸ்கேல் இதுதான்: எதுவுமே வாங்காமல், எதிலுமே ஏறாமல், ஒருவர் எவ்வளவு நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? கொடைக்கானல் இதில் பாஸ்.

நமக்கு இது தெரியாத வித்தையில்லை. ஆடிப்பெருக்குக்குக் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு காவிரிக்கரைக்குப் போனவர்கள் முதலில் ஆற்றைக் கும்பிட்டார்கள். அப்புறம்தான் மூட்டையைப் பிரித்தார்கள். அங்கே தண்ணீர்தான் சிறப்பு விருந்தாளி. இங்கே அது போட்டோவுக்குப் பின்னால் கட்டின படுதா.

மலைக்கு எத்தனை வண்டி வருகிறது என்று இப்போது எண்ணுகிறார்கள். ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் நீலகிரியில் தடை. நல்லது, வேண்டியதுதான். ஆனால் வந்தவர் ஏரியைப் பார்த்தாரா என்று எந்தச் செக்போஸ்ட்டிலும் கேட்க முடியாது. அது நம் பொறுப்பு. பார்க்காத ஏரி நாலடி சுருங்கினால் யாருக்குத் தெரியும்? நாற்றம் மூக்குக்கு வந்த பிறகுதான் தெரியும். அதற்குள் ஒரு கட்டடம் எழும்பியிருக்கும்.

அடுத்த முறை போனால் ஒன்று செய்யுங்கள். மிதி படகில் ஏறி நடு ஏரிக்குப் போனதும் ஐந்தே நிமிஷம் மிதிக்காதீர்கள். செல்போனைப் பைக்குள் போடுங்கள். எதிர்க்கரை யூகலிப்டஸ் மரங்கள் தண்ணீரில் தலைகீழாக ஆடும்.

அத்தையை நாங்கள் ஐந்து நிமிஷம் கரையில் நிற்கவைத்தோம். பேசாமல் பார்த்தாள். பிறகு, "பாவம், அழுக்காயிருக்கு" என்றாள். அழகாயிருக்கு என்று சொல்வாள் என்று நினைத்திருந்தேன். எங்கள் கூட்டத்தில் ஏரியை உண்மையாகப் பார்த்தது அவள் ஒருத்திதான்.