வாசக எதிர்பார்ப்பும் வழிநூலும்: ‘கூபி காயின் பாகா பாயின்’ திரைப்படத்தை முன்வைத்து

நூலொன்று திரைப்படமாக உருவாகிறது என்னும் செய்தி பரவும் நாளுக்கும் அப்படம் திரையிடப்படும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தைத் திறனாய்வாளர்கள் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. படம் வெளிவந்த பின்னரே ஆய்வு தொடங்குகிறது. மூலத்தோடு ஒப்பிட்டு, விடப்பட்டவை இவை, மிகுக்கப்பட்டவை இவை, மாற்றப்பட்டவை இவை எனப் பட்டியலிடுவதோடு அது பெரும்பாலும் நிறைவடைந்தும் விடுகிறது. அவ்விடைக்காலத்தில், நூலைப் பலகாற் பயின்று தோய்ந்த வாசகன் கொள்ளும் பரபரப்போ வெறும் ரசிக மனநிலை என ஒதுக்கப்படுகிறது. நுணுகி நோக்கின் அப்பரபரப்பும் ஒருவகை வாசிப்பே என்பது புலனாகும். மூலநூல் எதனைச் சொல்லிற்று, எதனைச் சொல்லாது விட்டது என்பதை அவ்வாசகனைப் போல அறிந்தவர் பிறர் இலர்.

தமிழ் இலக்கண மரபு இச்சிக்கலின் ஒரு கூற்றை முன்னரே எண்ணியுள்ளது. தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக வகைப்படுத்துகிறது. வழிநூல் முதல்நூலின் முடிபோடு ஒத்து, தனக்கெனச் சில வேறுபாடுகளையும் உடையதாதலை நன்னூல் ஏற்கிறது. ஏட்டின் மொழியை ஒளிக்கும் ஒலிக்கும் பெயர்க்கும் திரைப்படம் இந்நான்கனுள் இறுதி வகையை நெருங்குவது. எனினும் இலக்கணம் இங்கு நூலாசிரியனை நோக்கியே பேசுகிறது. முதல்நூலைக் கற்றறிந்து வழிநூலுக்காகக் காத்திருப்பவனைப் பற்றி அது பேசவில்லை. இராமகாதையைக் கேட்க அமர்ந்தவர்க்கும், தெருக்கூத்துக் களரியில் விடியுமளவும் விழித்திருப்பவர்க்கும் கதை புதிதன்று. தெரிந்த கதை எவ்வாறு நிகழ்த்தப்படும் என்பதே அவர்தம் ஆவல்.

மேலைத் திறனாய்வில் ஹான்ஸ் ராபர்ட் யாஸ் 1967-இல் நிகழ்த்திய உரையில் முன்வைத்த ‘எதிர்பார்ப்பு எல்லை’ என்னும் கருத்தும், வுல்ஃப்காங் ஈசர் விளக்கிய பனுவலின் ‘வெற்றிடங்கள்’ என்னும் கருத்தும் இவ்வகையில் பயன்படுவன. பனுவல் வெளிப்படக் கூறாத இடங்களை வாசகன் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறான் என்பது ஈசரின் கோட்பாடு. இக்கோட்பாட்டிற்கு ஒரு வரையறை வேண்டும். கதைமாந்தரின் முகம், அரண்மனையின் தோற்றம், பேயின் உருவம் ஆகியவற்றை வாசகன் நிரப்பிக்கொள்ள இயலும். ‘அவன் பாடினான், கேட்டவர் அசைவற்று நின்றனர்’ என்று ஏடு கூறுமாயின், அப்பாடலின் பண்ணை இசையறியாத வாசகன் எவ்வாறு நிரப்புவான்? அவ்விடம் வெற்றிடமாகவே நின்றுவிடுகிறது. ஆகவே திரைப்படத்தை எதிர்நோக்கும் வாசகனிடம் இருவேறு உணர்வுகள் ஒருங்கே தொழிற்படுகின்றன. தான் நிரப்பிவிட்ட இடங்களைப் பற்றி அவனுக்கு அச்சம்; தான் மனத்தில் வரைந்த முகம் அழிக்கப்படுமோ என்பது அது. தான் நிரப்ப இயலாத இடங்களைப் பற்றி அவனுக்கு நம்பிக்கை. பரபரப்பு எனப்படுவது இவ்விரண்டன் கலவையே. இக்கருத்தை ஆராய்வதற்கு வங்கத்தின் ‘கூபி காயின் பாகா பாயின்’ மிகப் பொருத்தமான சான்று.

கொல்கத்தாவின் கர்ப்பார் சாலையில் வாழ்ந்த உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி (1863–1915) எழுத்தாளர், ஓவியர், அச்சுக்கலையில் புதுமைகள் கண்டவர். வயலின் பயின்ற இசையறிஞருமாவார். அவர் 1913-இல் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். செய்தி, இனிப்பு என்னும் இருபொருளும் வங்க மொழியில் அச்சொல்லுக்கு உண்டு. 1915-இல் அவ்விதழில் வெளிவந்ததே கூபி, பாகா என்னும் இருவரின் கதை. காயின் என்பது பாடுபவனையும் பாயின் என்பது முழவிசைப்பவனையும் குறிக்கும். பாட வராத பாடகனும் கொட்டத் தெரியாத கொட்டுக்காரனும் ஊரால் வெறுக்கப்பட்டுக் காட்டையடைந்து, பேய்களின் அருளால் கேட்டாரைப் பிணிக்கும் இசையைப் பெறுகின்றனர். அச்சத்திற்குத் தொல்காப்பியம் கூறும் நான்கு களன்களுள் அணங்கு, விலங்கு, இறை என்னும் மூன்று இக்கதையின் திரைவடிவில் முதல் அரைமணிப் பொழுதுக்குள் வந்துவிடுகின்றன என்பது சுவையான செய்தி. கதையை எழுதியவர் இசை வல்லவர். கதையும் இசையைப் பற்றியதே. ஆயினும் ஏட்டில் இசை இல்லை. அச்சுக்கு வருகையில் சொல்லும் ஓவியமும் மட்டுமே எஞ்சின.

கதை வெளிவந்த ஆண்டிலேயே உபேந்திரகிஷோர் மறைந்தார். அவர் மகன் சுகுமார் ரே 1923-இல் மறைந்தார். பின்னர் நின்றுபோன சந்தேஷ் இதழை, பேரன் சத்யஜித் ரே கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் இணைந்து 1961-இல் மீட்டெடுத்தார். அவ்வகையில் இக்கதையின் முதன்மையான பற்றாளர் அதனைத் திரைப்படமாக்கியவரே எனலாம். தாம் காணாத பாட்டனாரின் கதையைப் படித்து வளர்ந்த பேரன், அதன் வெற்றிடங்களை நிரப்பும் இசைத் தேர்ச்சியும் உடையவராய் அமைந்தமை அரிய பொருத்தம். 1961 முதல் தம் படங்களுக்குத் தாமே இசையமைத்து வந்தார் ரே. சிறுவனாயிருந்த மகன் சந்தீப், பெரியவர்களுக்குரிய இறுக்கமான படங்களையே எடுக்கிறீர்களே, எனக்கொரு படம் எடுக்கலாகாதா என்னும் கருத்துப்படக் கேட்டதும் இம்முயற்சிக்கு ஒரு தூண்டுகோலாயிற்று. ஆக, இப்படத்திற்கான எதிர்பார்ப்பு இல்லத்திற்குள்ளேயே தொடங்கியது.

நிதி எளிதிற் கிட்டவில்லை. பொருளுதவி நாடிப் பம்பாய் வரை சென்றும் பயனின்றிப்போக, இறுதியில் கொல்கத்தாவின் பூர்ணிமா பிக்சர்ஸ் நிறுவனம் முன்வந்தது. முழுவதும் வண்ணத்தில் எடுக்கும் எண்ணம் கைவிடப்பட்டு, இறுதிப் பகுதி மட்டும் வண்ணம் பெற்றது. (இதே காலத்தில் அமெரிக்க நிறுவனமொன்றுக்காக ரே திட்டமிட்ட ‘ஏலியன்’ என்னும் புனைவுப்படம் உருவாகவேயில்லை. அதன் வித்தான சிறுகதை 1962-இல் சந்தேஷில் வெளிவந்தது. அதற்குக் காத்திருந்தவர்களின் எதிர்பார்ப்பு இன்றளவும் எதிர்பார்ப்பாகவே நின்றுவிட்டது.) ‘கூபி காயின் பாகா பாயின்’ 1969 மே 8 அன்று கொல்கத்தாவில் வெளியாயிற்று.

படத்தில் தாளம் முந்திவருகிறது. காட்டில் கூபி பாகாவைக் கண்டறிவதே ஓர் ஒலியால்தான். மேலிருந்து நீர்த்துளி சொட்டுச் சொட்டாக முழவின்மேல் விழும் ஒலி அது. கதை கேட்டறிந்த சிறுவன் ஏட்டில் கேட்டிராத ஒன்றை இங்குக் கேட்கிறான். அடுத்து வருவது பேய்க்கூத்து. ஏறத்தாழ ஆறரை நிமிடம் நீளும் அக்கூத்தில் நால்வகைப் பேய்கள் ஆடுகின்றன. அரசரும் வீரரும் ஒருவகை, உழவர் முதலான எளியோர் ஒருவகை, வெள்ளையர் ஒருவகை, பருத்த உடலினரான வணிகர், புரோகிதர் போன்றோர் ஒருவகை. வங்க மண்ணில் இறந்துபட்டோர் அனைவரும் பேயாகத் திரிவரெனின் அவர்களுள் வகுப்பு வேறுபாடும் இருந்தாக வேண்டுமன்றோ என்னும் எள்ளல் இதில் உண்டு. பேய் உருவங்களை வாசகர் ஏற்கெனவே தத்தம் மனத்தில் வரைந்திருந்தனர். அவற்றோடு போட்டியிடாமல், வரலாற்றுப் பேய்களாக அவற்றை மாற்றியதன்வழி ரே அவ்வச்சத்தைக் கடந்தார்.

தமிழ் ஆய்வாளர் கருத்திற்கொள்ள வேண்டியது இக்கூத்தின் இசை. பேய்க்கும் இன்னிசைக்கும் பொருந்தாது எனக் கருதிய ரே, பண்ணை முற்றிலும் விலக்கித் தென்னகத் தாளவாத்தியக் கச்சேரியைத் தேர்ந்தார். அரசப் பேய்களுக்குச் செவ்வியல் தகுதியுடைய மிருதங்கம். உழவர்க்குப் பாதி நாட்டார் இயல்புடைய கஞ்சிரா. விறைத்த இயக்கமுடைய வெள்ளையர்க்குக் கடம். பருத்தோர்க்கு நகைப்பூட்டும் மோர்சிங். வங்கத்து மூங்கிற்காட்டுப் பேய்கள் காவிரிக்கரைக் கச்சேரி மேடையின் கருவிகளுக்கு ஆடுகின்றன! இதனை வெறும் புதுமை நாட்டம் என்று கொள்ளுதல் பொருந்தாது. கொல்கத்தாச் சிறுவர்தம் செவிக்கு வங்கத்து டோலும் கோலும் பழகியவை. அவற்றால் பேயுலகை அமைப்பின் அது அயலுலகாகத் தோன்றாது. மருட்கை தோன்றும் களன்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும். பழகிய கதைக்குப் புதுமை எங்கிருந்து வரும் என்னும் வினாவிற்கு இங்கு விடை கிடைக்கிறது. பழகிய கதையின் ஒலியற்ற இடத்தில் பழகாத ஒலியைப் பெய்வதால் அது வருகிறது. (பிற்காலத்தில், 1976-இல், டி. பாலசரஸ்வதியைப் பற்றிய ‘பாலா’ ஆவணப்படத்தை ரே உருவாக்கியமையும் இத்தொடர்பில் நினைக்கத்தக்கது.)

கூபியின் பாடல்களே படத்தின் கடுஞ்சோதனை. இசை உயிர்களைப் பிணிக்கும் என்னும் கருத்து தமிழ்ப் பனுவல்களுக்குப் புதிதன்று. யாழிசையில் மயங்கி நிற்கும் அசுணத்தைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. உதயணன் யாழால் மதயானையின் சினம் தணிந்ததைப் பெருங்கதை காட்டுகிறது. அவற்றைப் படிப்போர் அவ்விசையின் பயனை நம்புகின்றனர். இசையைக் கேட்க வேண்டிய கட்டாயம் அவர்க்கு இல்லை. திரைப்படத்தில் அச்சலுகை கிடையாது. கூபி பாடியவுடன் அரசவை உறைந்து நிற்பதாகக் காட்டி, அரங்கிலிருப்போர் உறையாவிடின் கதையே பொய்யாகிவிடும். ரே தாமே எழுதி இசையமைத்து, அனூப் கோஷால் பாடிய பாடல்கள் இச்சோதனையில் வென்றன என்பதற்குச் சான்று திறனாய்வாளர்தம் பாராட்டன்று. நகரில் அப்பாடல்களை அறியாத, பாடாத குழந்தையே இல்லை என்னும் கருத்துப்பட ரே தம் நண்பர் மேரி சீட்டனுக்கு எழுதினார். படம் ஐம்பத்தொரு வாரங்கள் ஓடியது. சிறந்த திரைப்படம், சிறந்த இயக்கம் ஆகியவற்றுக்கான தேசிய விருதுகளையும் பெற்றது. அரங்கைவிட்டு வெளியேறிய சிறுவர் வாயில் எஞ்சியது ஏட்டில் இல்லாதிருந்த பகுதியே.

சிறுவரை அழைத்துவந்த பெற்றோர்க்கும் ஒரு வெற்றிடம் இருந்தது. அது நூலில் இல்லை, காலத்தில் இருந்தது. பால் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி 1965-இல் மேற்கு வங்க அரசு பாலேட்டுத் திரளையால் இனிப்புகள் செய்வதைத் தடைசெய்தது. 1966-இல் உணவுப் போராட்டம் எழுந்தது. அதனைக் கண்ட நகரில், பசித்த படைவீரர் முன் வானிலிருந்து இனிப்புப் பானைகள் இறங்குவதும், வீரர் போரைக் கைவிட்டு அவற்றை நோக்கி ஓடுவதும் வெறும் மாயக்காட்சியாக இருந்திருக்க இயலாது.

படம் எல்லா இடத்திலும் இவ்வாறு வெற்றிபெற்றதாகக் கூற இயலாது. ஹல்லா நாட்டு அமைச்சரின் சூழ்ச்சிப் பகுதிகள் நீண்டு தொய்கின்றன. ஜகர் ராயின் நடிப்பே அவற்றைத் தாங்கி நிற்கிறது. இறுதியில் தோன்றும் இளவரசியரைத் தவிரப் பெண்பாத்திரங்கள் ஏறத்தாழ இல்லை. அவ்விளவரசியரும் வெற்றிக்குரிய பரிசாகவே வருகின்றனர். சந்தேஷ் படித்து வளர்ந்த சிறுமியர் இப்படத்தில் தமக்கென ஓரிடத்தை எதிர்பார்த்திருப்பின் அது நிறைவேறவில்லை. வெற்றிடங்களை இத்துணை நுட்பமாக அறிந்த கலைஞர் இவ்வெற்றிடத்தைக் காணாது விட்டமை குறையே.

இதனோடு தமிழ்ச் சூழலை ஒப்பிடின் வேறுபாடு தெளிவாகும். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ மாயக்கதையன்று, வரலாற்றுப் புதினம். எனினும் காத்திருப்பின் நீட்சியால் ஒப்பிடத்தக்கது. 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த அப்புதினத்தை எம்.ஜி.ஆர். திரைப்படமாக்க முயன்றும் நிறைவேறவில்லை. மணிரத்னத்தின் இரு பாகங்கள் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் வந்தன. இடைப்பட்ட காலமெல்லாம் தமிழ் வாசகர்தம் உரையாடல் ‘வந்தியத்தேவனாக யார், நந்தினியாக யார்’ என்பதைச் சுற்றியே அமைந்தது. மணியத்தின் ஓவியங்களும் கல்கியின் விரிவான வருணனையும் முகங்களை முன்னரே நிறுவிவிட்டமையால், அங்கு அச்சம் மிகுந்து நம்பிக்கை குறைந்தது. வெளியீட்டுக்குப்பின் எழுந்த பட்டியல்வகைத் திறனாய்வு, அவ்வச்சத்தின் தொடர்ச்சி என்றே தோன்றுகிறது. கூபி கதையோ சிறியது. மிகுதியும் சொல்லாது விட்டது. வழிநூலாசிரியனுக்கு அத்தகைய முதல்நூலே பேறு.

கொல்கத்தாவின் பற்றாளர் திரைப்படத்தால் நிரப்பப்படுவதோடு அமைந்தாரில்லை. தாமும் நிரப்ப முனைந்தனர். ஹாரி பாட்டர் வரிசையின் ஐந்தாம் படமும் ஏழாம் நூலும் 2007 சூலையில் வெளிவந்தன. அவ்வாண்டுத் துர்க்கா பூசைக்குச் சால்ட் லேக் பகுதிக் குழுவொன்று ஹாக்வார்ட்ஸ் மாளிகையின் வடிவில் பந்தல் எழுப்பியது. நூலாசிரியர் ஜே.கே. ரௌலிங்கும் வார்னர் பிரதர்ஸ் நிறுவனமும் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து இருபது இலட்சம் ரூபாய் இழப்பீடு கோரினர். வணிக நோக்கமற்ற விழா எனக் கண்ட நீதிமன்றம், அவ்வாண்டுப் பூசை அப்பந்தலிலேயே நடைபெற இசைவளித்தது. நூலும் படமும் கண்ணுக்குக் காட்டிவிட்ட மாளிகையை அக்குழுவினர் மூங்கிலாலும் துணியாலும் மீண்டும் கட்டினர். அதனுள் முழங்குதற்குரியது வங்கத்துப் பூசை முழவே.