நன்னூலார் நோக்கில் இணையத்தளங்கள்

தோற்றுவாய்

நூலுக்கே இலக்கணம் வகுத்த பெருமை தமிழுக்கு உண்டு. ஒரு நூல் எவ்வாறு தொடங்க வேண்டும், எக்குற்றங்களை நீக்க வேண்டும், எவ்வழகுகளைப் பெற வேண்டும் என்பனவற்றை 13ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் தம் நன்னூற் பாயிரத்துள் தொகுத்து வைத்தார். ஏடும் எழுத்தாணியும் வழங்கிய காலத்து எழுந்த அவ்விலக்கணம் இன்றைய இணையத்தளங்களுக்கும் பொருந்துமா என்னும் வினாவே இக்கட்டுரையின் கரு. பொருந்தும் என்பதே எம் துணிபு. இணையத்தளமும் ஒருவர் ஆக்க, மற்றவர் படிக்க, பயன் விளைய வேண்டிய ஒரு பனுவலே அன்றோ?

இவ்வாராய்ச்சி இன்று இன்றியமையாதது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபின், தஞ்சோங் ரம்புத்தான் வட்டாரத்தில் ஒரு வீட்டில் இருந்த ஒரே கைப்பேசியே மூன்று பிள்ளைகளுக்கும் வகுப்பறையாயிற்று. அந்நாளில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்திக்கு ஓர் இணையப் பக்கத்தைப் படித்து வருமாறு பணித்தேன். மறுநாள் அவள், “ஐயா, என் கைப்பேசிக்குத் தமிழ் தெரியாது போலிருக்கிறது; கட்டம் கட்டமாகத்தான் வருகிறது” என்றாள். குற்றம் அப்பக்கத்தை அமைத்தவருடையது. அச்சிறுமியோ குறை தமிழினுடையது என்று எண்ணிக் கொண்டாள். இணைய வடிவமைப்பைத் தமிழாசிரியர்கள் திறனாய வேண்டுவதன் காரணம் இதுவே.

எழுத்தும் படமும்

கட்டம் கட்டமாய்த் தோன்றிய அப்பக்கம் பழைய காலத்து எச்சம். தொடக்க நாளில் தமிழ்த்தளங்கள் பலவும் தத்தமக்கென எழுத்துருக்களை வைத்திருந்தன. ஒரு நாளிதழைப் படிக்க ஓர் எழுத்துருவும், மற்றொன்றைப் படிக்க வேறோர் எழுத்துருவும் இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருளும், 1999இல் சென்னையிலும் 2001இல் கோலாலம்பூரிலும் கூடிய தமிழிணைய மாநாடுகளும் இச்சிக்கலுக்குத் தீர்வு காண உழைத்தன. ஒருங்குறி பரவியபின் அத்தடை பெரிதும் நீங்கிற்று. தமிழக அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்றது. இத்துணைக்குப் பின்னும் ஒரு தளம் பழைய குறியேற்றத்திலேயே நிற்குமாயின், அது படிப்போர்க்குக் கதவடைத்த நூலகமே ஆகும்.

இதனினும் நுண்ணியதொரு குற்றம், எழுத்தைப் படமாக்கி இடுவது. அழகிய பின்னணியில் ஒரு குறளைப் படமாக எழுதி வெளியிடுகின்றனர். கண்ணுக்கு அது எழுத்தாகவே தோன்றும். ஆயின் கணினிக்கு அது வெறும் படமே. தேடுபொறி அதனை எளிதிற் காணாது. மாணவன் அதனின்று ஒரு சொல்லையும் நேரே எடுத்தாள முடியாது. பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் மென்பொருளும் அதன்முன் பலவேளை ஊமையாகும். படத்தோடு அதன் வாசகத்தையும் எழுத்தாகச் சேர்த்தல் வேண்டும் என்பது உலகத் தரவிதி. அரிய பழம்பதிப்புகளை மின்படியாக்கிக் காப்பது வேறு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் செய்யும் அப்பணி போற்றத்தக்கது. அங்கு மூலத்தின் உருவமே சான்றாகின்றது. புதிதாக எழுதுவோர் எழுத்தைப் படமாக்குவதற்கு அத்தகைய காரணம் ஏதுமில்லை.

பாயிரமற்ற பக்கங்கள்

எத்துணை விரிந்ததாயினும் பாயிரமற்றதை நூலென ஏற்க மறுத்தவர் நன்னூலார். ஆக்கியோன் பெயர், நூற்பெயர், வழி, கேட்போர், பயன் முதலியவற்றை முன்னரே கூறுக என்றார். இன்று எத்தனை தமிழ்த்தளங்களில் எழுதியவர் யார், எழுதிய நாள் எது, மூலம் எது என்னும் செய்திகள் உள்ளன? இவை இல்லாத பக்கத்திலிருந்து எடுத்த மேற்கோளை மாணவன் ஒப்படைப்பில் எழுதும்போது, பிழையும் அவனோடு சேர்ந்தே வருகின்றது.

இதற்கு மாறாக நல்லன இரண்டைச் சுட்டலாம். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் ஈழத்தமிழர் தளம் ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர், வெளியீட்டாளர், பதிப்பாண்டு, பக்க எண்ணிக்கை ஆகியவற்றை அட்டவணையாகத் தருகின்றது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தழிந்த துயரை அறிந்தோர் அவ்வட்டவணையின் அருமையை உணர்வர். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று கல்யாணசுந்தரம் முதலிய ஆர்வலர் தொடங்கிய மதுரைத் திட்டமும், நூலைத் தட்டச்சிட்டோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர்களைத் தலைப்பிலேயே நன்றியுடன் பொறிக்கின்றது. ஆயினும் அந்நன்றியுரையை ஆங்கிலத்தில் இடுவதும், எப்பதிப்பைத் தழுவியது என்பதைப் பல இடங்களில் கூறாமையும் குறைகளே. பாடபேதம் ஆராயும் மாணவனுக்கு இக்குறை சிறிதன்று.

மயங்க வைத்தலும் மற்றொன்று விரித்தலும்

நன்னூலார் கூறும் குற்றங்களுள் இவ்விரண்டும் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. இடம் விளங்காமல் பட்டியல்களை அடுக்குதலும், ‘இங்கே அழுத்துக’ எனப் பொருளின்றி இணைப்பிடுதலும் மயங்க வைத்தலாம். கட்டுரை நடுவே விளம்பரம் பாய்தலும், படிக்கத் தொடங்குமுன் திரையை மறைத்து ஒரு பெட்டி எழுதலும் மற்றொன்று விரித்தலாம். முறையின் வைப்பு என்னும் அழகோ இவற்றுக்கு மருந்தாவது. மதுரைத் திட்டத்தின் முகப்பில் பகட்டில்லை. நூல்களை எண்வரிசையில் நிறுத்தி, வேண்டியதை உடனே எடுக்க வழி செய்துள்ளனர். அதன் எளிமை வறுமையன்று; சுருங்கச் சொல்லலின் பயனேயாம்.

தமிழெழுத்துக்குரிய இடம்

பிறமொழித் தளத்தின் அச்சில் தமிழை ஊற்றுவதால் விளையும் குற்றங்களும் உள. தமிழெழுத்து மேலே சுழியும் கீழே காலும் உடையது. ‘கீ’ என்பதன் சுழியும் ‘மு’ என்பதன் வளைவும் இடிபடாதிருக்க வரிகளிடையே போதிய வெளி வேண்டும். ஆங்கில எழுத்துக்கு வகுத்த இடைவெளியை அப்படியே வைப்பின் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். தடித்த எழுத்தில் ‘ணி’, ‘ழி’ போல்வனவற்றின் உள்வெளி அடைபட்டுக் கறைபோலாகும். தமிழ்ச்சொற்கள் ஒட்டி நீளும் இயல்பின. கைப்பேசியின் ஒடுங்கிய திரையில் இருபுறமும் ஓரம் சீராக்கினால் சொற்களிடையே பெரும்பள்ளங்கள் விழும். ஆகவே இடப்புறம் மட்டும் சீராக்கி, வலப்புறத்தை விட்டுவிடுதலே நன்று. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்னும் விகிதத்தில் இருத்தல் வேண்டும் என 2008இல் வெளியான உலக வலை அணுகல் வழிகாட்டி கூறுகின்றது. வெளிர்சாம்பல் எழுத்தை நாகரிகமெனக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

ஒரு தடையும் விடையும்

‘நன்னூலார் கூறியது பொருளமைதியைப் பற்றியதே; எழுத்தின் உருவத்துக்கும் வண்ணத்துக்கும் அதனை நீட்டுவது பொருந்துமோ?’ எனச் சிலர் வினவலாம். விளங்க வைத்தல் என்பதை அவர் அழகுகளுள் ஒன்றாக வைத்தார். ஏட்டில் சொல்லும் முறையால் விளக்கம் பிறந்தது. திரையில் அது சொல்லாலும் வடிவாலும் பிறக்க வேண்டியிருக்கின்றது. படிக்கவொண்ணாத பக்கத்தில் உயர்ந்த கருத்து இருந்தும் பயனென்?

முடிவுரை

தமிழாசிரியர்கள் ஓர் இணையப் பக்கத்தை மாணவர்க்குப் பரிந்துரைக்குமுன் நான்கு வினாக்களை எழுப்புவாராக: யார் எழுதியது? எழுத்து எழுத்தாகவே உள்ளதா? வேண்டிய பொருள் எளிதிற் கிட்டுகின்றதா? விலை குறைந்த கைப்பேசியிலும் படிக்க இயலுமா? மாணவரும் நன்னூற் பாயிரத்தைத் தேர்வுக்கென மனனம் செய்வதோடு நில்லாமல், தாம் காணும் தளங்களின்மேல் அதனை வைத்துப் பார்த்துப் பழகுவாராக. தோட்டங்கள் கைம்மாறி, குடும்பங்கள் சிதறிய பின்னர் நம் பிள்ளைகட்குத் தமிழ் கிடைக்கும் இடங்களுள் திரையும் ஒன்றாயிற்று. அத்திரையில் கட்டங்கள் தோன்றும்போது, ‘கைப்பேசிக்குத் தமிழ் தெரியாது’ என்று இன்னொரு பிள்ளை சொல்லாதிருக்கச் செய்தல் நம் கடன்.