புறம் நின்றவர்களுக்கு இட்ட பெயர்கள்

ஊரார் ஒப்பிய கொள்கைக்கு மாறான நம்பிக்கையைக் குறிக்கத் தமிழில் பொதுச்சொல் ஒன்று நிலைபெறவில்லை. பல சொற்கள் உண்டு. ஒவ்வொன்றும் யாரைக் குறிக்கிறதோ அவரைவிட, அதைச் சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதையே தெளிவாகக் காட்டும்.

பழைய சொற்களில் ஒன்று பாசண்டம். அசோகரின் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டில் அது எந்தச் சமயக் குழுவுக்கும் உரிய பெயர். பிறருடைய பாசண்டத்தையும் மதிக்க வேண்டும் என்பதே அந்தக் கல்வெட்டின் செய்தி. சிலப்பதிகாரத்திலும் புகார் நகரத்துத் தெய்வம் ஒன்றுக்குப் பாசண்டச் சாத்தன் என்று பெயர். பல சமய நூல்களிலும் வல்லவன் என்பதால் வந்த பெருமைப் பெயர் அது. பின்னாளில் வைதிக வழக்கில் ‘பாஷண்டி’ என்பது வேதநெறிக்குப் புறம்பானவனைத் தூற்றும் சொல்லாயிற்று.

நாத்திகமும் பொருள் மாறிய சொல்தான். வேதத்தைப் பிரமாணமாக ஏற்காதவரே முதலில் நாத்திகர். அதனால்தான் கடவுளைப் பேசாத சாங்கியம் ஆத்திகத்தில் இடம்பெற்றது; பௌத்தமும் சமணமும் வெளியே நின்றன. கடவுள் மறுப்பைத் தனியே சுட்ட ‘நிரீச்சுரவாதம்’ என்ற சொல் இருந்தது. இன்றைய தமிழில் அது வழக்கொழிந்து, அதன் பொருளை நாத்திகம் எடுத்துக்கொண்டது.

இவற்றுக்கு நடுவே மணிமேகலைக் காப்பியம் காட்டும் நயம் அரிது. வஞ்சி நகரில் தவசி வடிவு கொண்டு அதன் நாயகி கேட்கும் பத்துச் சமயக் கணக்கர்களில் அளவைவாதி, வேதவாதி, பூதவாதி எனப் பலர் ‘வாதி’கள். காப்பியம் பௌத்தத்தின் பக்கம் நின்றாலும், வேதத்தை ஏற்பவனுக்கும் பூதங்களுக்கு அப்பால் எதையும் ஏற்காதவனுக்கும் ஒரே விகுதிதான். தன் கொள்கையை எடுத்து வாதிடுபவன் என்பதற்கு மேல் அதில் பழி ஏதும் இல்லை. தீவிரவாதி, பிரிவினைவாதி என்று கேட்டுப் பழகிய இன்றைய காதுக்கு இது புதிதாகவே இருக்கும்.

சைவ சித்தாந்தமோ மாற்றுக் கொள்கைகளைத் தூரத்தால் அளந்தது. புறப்புறச் சமயம், புறச்சமயம், அகப்புறச் சமயம், அகச்சமயம் என நான்கு வட்டங்கள். அகம், புறம் என்று காதலையும் போரையும் பகுத்த திணைச் சொற்களே இங்கே சமய எல்லைகளாகின்றன. பூதங்களுக்கு அப்பால் எதையும் ஏற்காத உலகாயதம் எல்லாவற்றுக்கும் வெளியே உள்ள வட்டத்தில்; சாங்கியம் அதற்கு உள்ளே; பாசுபதமும் காபாலமும் இன்னும் அருகே. அகச்சமயத்தில் நிற்கும் பாடாணவாத சைவமும் மறுப்புக்குத் தப்பவில்லை. முத்தியில் உயிர் கல்லைப் போல் கிடக்கும் என்பதே அதன்மேல் உள்ள குறை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதன் முதல் பாஞ்சராத்திரி வரை பதினான்கு பேரை நிறுத்துகிறார். ஒவ்வொருவரும் தம் கொள்கையை முதலில் சொல்கிறார். மறுப்பு அடுத்தே வருகிறது. ‘பரபக்கம்’ என்றால் பிறர் பக்கம். அழிக்க வந்த நூலே அந்தப் பக்கத்தைக் காத்தும் வைத்திருக்கிறது. உலகாயதத்தைத் தமிழில் தேடுவோர் இன்றும் அங்கேதான் போகிறார்கள்.

கிறித்தவத் தமிழின் சொற்கள் கடுமையானவை. கத்தோலிக்கர் வழக்கில் திருச்சபைக்கு மாறான கொள்கை தப்பறை. அதைப் பிடித்தவர் பதிதர், அதாவது விழுந்தவர். புராட்டஸ்டண்டு வேதாகமத் தமிழில் அது வேதப்புரட்டு. சைவம் சொன்ன வட்டங்களில் வெளியே நிற்பவனுக்கு உள்ளே வர வழியுண்டு. ஆனால் புரட்டு என்றால் மனமறிந்த பொய் என்றாகிறது.

இந்தச் சொற்கள் எல்லாம் பிறர் இட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் மறுப்பவர்கள் திரண்டு தமக்குத் தாமே பெயர் வைத்துக்கொண்டார்கள். சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை ‘தத்துவ விவேசினி’ இதழை நடத்தினர். அவர்கள் எடுத்த ‘இலௌகிகம்’, பரபக்கத்து உலகாயதத்தைப் போலவே ‘லோகம்’ என்ற வேரில் பிறந்தது. 1925-இல் பெரியார் ‘குடி அரசு’ தொடங்கிய பின் பகுத்தறிவு ஊரெங்கும் புழங்கும் சொல்லாயிற்று. நாத்திகர் என்ற வசையை விரும்பி ஏற்றவர்கள், ‘மூடநம்பிக்கை’ என்ற சொல்லை எதிர்ப்பக்கம் திருப்பினார்கள். பெயரிடும் உரிமை கைமாறியது.

ஆனாலும் பிறருக்குப் பெயரிடுவது நிற்கவில்லை. இடதுசாரிக் கட்சிகள் தமக்குள் பிரிந்தபோது, கொள்கையைத் திரித்தார்கள் என்று எதிரணியைச் சாட வந்தது திருத்தல்வாதம். ஈழ அரசியலில் ‘மாற்றுக்கருத்தாளர்’ என்ற சொல் வேரூன்றியது. மாற்று என்பதில் விழுதலும் புரட்டும் புறமும் இல்லை. ஆனால் அதே ஆட்களை அழைக்க அங்கே இன்னொரு சொல்லும் இருந்தது: துரோகி.