அலமாரியைக் கேட்டுப் பார்த்தவர்கள்

நூலகப் புத்தகம் ஒன்று கைக்கு வந்தால் அதன் தலைப்பைப் பார்ப்பதற்கு முன்பே பின்னட்டையைத் திறந்து தேதிச் சீட்டைப் பார்த்துவிடுவேன். பல வருடப் பழக்கம். ஊதா மையில் சாய்ந்தும் நேராகவும் விழுந்த முத்திரைகள். சில சீட்டுகளில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மட்டும் தேதிகள் கொத்தாக இருக்கும். சிலவற்றில் ஒரே ஒரு தேதி, அதன் கீழே வெறுமை. சீட்டு நிரம்பி, அதன்மேல் இன்னொரு சீட்டு ஒட்டி, அதுவும் நிரம்பிய புத்தகங்களும் உண்டு. அவற்றைக் கையில் எடுத்தாலே அட்டை தளர்ந்திருப்பது தெரியும்.

நான் பணியாற்றிய ஒரு கல்லூரி நூலகத்தில் ஒரு வருடம் இருப்புச் சரிபார்ப்பு முடிந்ததும், பத்து ஆண்டுகளாக யாருக்கும் வழங்கப்படாத நூல்களைக் கழித்துவிடலாம் என்று நூலகக் குழு முடிவெடுத்தது. பட்டியல் போட்டவன் நான்தான். கட்டுக் கட்டாகத் தரையில் அடுக்கி வைத்திருந்தோம். மாலையில், புத்தகங்களை அலமாரியில் எடுத்து வைக்கும் அம்மா வந்து குனிந்து ஒரு தடித்த புத்தகத்தை உருவினார். ஆங்கிலம் - தமிழ்க் கலைச்சொல் அகராதி. சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை.

“இதையுமா ஐயா போடுறீங்க? இதை யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதில்லதான். ஆனா தினம் சாயங்காலம் மேசையிலேருந்து நான்தானே எடுத்து வைக்கிறேன்.”

அன்று அந்தக் கட்டுகளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். நூலகப் பணியில் ஆய்வுச் சான்று பற்றி இந்த மலருக்கு எழுதக் கேட்டபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த அம்மாவின் குரல்தான். நூலகர்கள் தங்கள் பழக்கத்தை நம்பாமல் அலமாரியையும் வாசகரையும் கேட்டுப் பார்க்கத் தொடங்கியது எப்போது, எதைச் சான்று என்று ஒப்புக்கொண்டார்கள், எதை ஒதுக்கினார்கள் என்பதற்கு ஏறக்குறைய நூறாண்டு வரலாறு இருக்கிறது. அதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றபோது அவர் கணித ஆசிரியர். லண்டனுக்குப் போய்ப் பயிற்சி பெற்றார். அங்குள்ள நூலகங்களைச் சுற்றிப் பார்த்தபோது ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழக்கத்தை வைத்துக்கொண்டிருந்ததும், ஏன் என்று கேட்டால் காரணம் வராததும் அந்தக் கணித மனத்தை உறுத்தியது. சிதறிக் கிடக்கும் வழக்கங்களுக்கு அடியில் சில விதிகள் இருக்க வேண்டும் என்று தேடினார். அதன் பயன்தான் 1931இல் சென்னை நூலகச் சங்கம் வெளியிட்ட ஐந்து விதிகள். நூல்கள் பயன்பாட்டுக்கே என்ற முதல் விதி இன்று எந்த நூலகச் சுவரிலும் இருக்கிறது. அது சுவருக்காக எழுதப்பட்டதன்று. நூலகம் எங்கே அமைய வேண்டும், எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், அலமாரி எவ்வளவு உயரம் இருக்கலாம், வாசகர் தாமே புத்தகத்தைத் தொட்டு எடுக்கலாமா என்று ஒவ்வொரு நடைமுறையையும் அந்த விதிகளின் முன்னால் நிறுத்தி அவர் விசாரித்தார். அதே 1931இல் மன்னார்குடியில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்ற விதி செம்மண் சாலையில் உருண்ட காட்சி அது.

ரங்கநாதனின் இந்த வழியைச் சென்னைப் பள்ளி என்று அழைத்தால், அதன் பலமும் குறையும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன என்பது என் கருத்து. விதியிலிருந்து நடைமுறையை வருவிப்பதில் ரங்கநாதனுக்கு இணை இல்லை. வருவித்த நடைமுறை உண்மையில் பலன் தந்ததா என்று அளந்து பார்க்கும் கருவிகள் அன்று அவரிடம் போதவில்லை. அதை அவரும் உணர்ந்திருந்தார். 1948இல் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா நகரில் நடந்த ஆஸ்லிப் என்ற நூலகச் சங்கத்தின் மாநாட்டில், நூலகப் பணிகளைப் புள்ளியியல் கொண்டு அளக்கும் துறை ஒன்று வேண்டும் என்று கேட்டு அதற்கு லைப்ரமெட்ரி என்று பெயரும் வைத்தார். சென்னை மாகாணத்தின் பொது நூலகச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில். அந்தச் சட்டம் கொண்டுவந்த நூலக வரிக்காகப் போராடிய கை, அந்த வரியால் எழும் நூலகங்களை அளக்கும் அளவுகோலையும் அப்போதே கேட்டது. சட்டத்தைக் கொண்டாடும் நாம் அந்த இரண்டாவது கோரிக்கையை அநேகமாக மறந்துவிட்டோம்.

கடலுக்கு அப்பால் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நூலகவியல் பள்ளி 1928இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. அங்கே சமூக அறிவியலின் காற்று வீசியது. டக்ளஸ் வேப்பிள்ஸ், ரால்ஃப் டைலருடன் சேர்ந்து மக்கள் எதைப் பற்றிப் படிக்க விரும்புகிறார்கள் என்று கேட்டு 1931இல் ஒரு நூலே எழுதினார். பிறகு, விரும்புவதாகச் சொல்வதும் உண்மையில் படிப்பதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை அந்தப் பள்ளியின் ஆய்வுகள் காட்டின. கைக்கெட்டும் தூரத்தில் என்ன கிடக்கிறதோ அதைத்தான் மனிதர்கள் பெரும்பாலும் படிக்கிறார்கள். அதே 1931இல் சி. சீமோர் தாம்ப்ஸன் என்ற மூத்த நூலகர், நூலக அறிவியல் என்று ஒன்று நமக்கு வேண்டுமா என்று அமெரிக்க நூலகச் சங்கத்திலேயே எழுந்து கேட்டார். எண்களைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தை நேசிப்பதை விட்டுவிடுவோமோ என்ற அவருடைய பயத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன்.

அடுத்த பள்ளி ஆய்வுக்கூடம் போன்றது. இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு விமானவியல் கல்லூரியின் நூலகர் சிரில் கிளெவர்டன் 1950களின் இறுதியில், எந்த அடைவு முறை சிறந்தது என்ற நெடுநாள் சண்டையைச் சோதித்துத் தீர்க்கப் புறப்பட்டார். 18,000 ஆவணங்களை நான்கு முறைகளில் அடைவு செய்து, 1,200 கேள்விகளால் தேடிப் பார்த்தார். நான்கில் ஒன்று ரங்கநாதனின் சிந்தனையிலிருந்து கிளைத்த பன்முகப் பகுப்பு. அது கடைசி இடத்தில் நின்றது. தனித்தனிச் சொற்களை வைத்துத் தேடும் எளிய முறை முதலிடம் பெற்றது. நமக்கு இது கசப்பான முடிவுதான். ஆனாலும் முதலுக்கும் கடைசிக்கும் இடைவெளி சிறியது. கேள்விகளும் அந்தத் தொகுப்பில் இருந்த ஆவணங்களை வைத்தே தயாரிக்கப்பட்டவை. விடை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே கேட்ட கேள்விகள் அவை. அந்தக் குறையைச் சுட்டியவர்களுக்குப் பதிலாகக் கிளெவர்டன் 1,400 ஆவணங்களைக் கொண்டு இரண்டாவது சோதனையை அமைத்தார். இன்று தேடுபொறிகளை மதிப்பிடும் முறையின் அடித்தளம் அங்கேதான் பிறந்தது. முதல் சோதனையின் குறையை மறைக்காமல் அடுத்ததை நடத்தினாரே, அந்தப் பண்புக்காகவே இந்தப் பள்ளியை மதிக்கிறேன்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே பல்கலைக்கழக நூலகம் 1969இல் வாங்கிய நூல்களில் ஏறக்குறைய 40 விழுக்காடு, அடுத்த ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட வெளியே போகவில்லை என்று ஆலன் கென்ட் குழுவினரின் ஆய்வு 1979இல் சொன்னது. நூலக உலகம் கொதித்தது. உள்ளே மேசையில் அமர்ந்து படித்ததை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். எங்கள் அலமாரி அம்மா கேட்ட அதே கேள்வி.

லங்காஸ்டர் கதையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். 1960களில் அந்தப் புதிய ஆங்கிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் குறை நமக்குப் பழகியதுதான்: கேட்ட புத்தகம் எப்போதும் வெளியே போயிருக்கிறது. எல்லோரும் சொல்லும் மருந்து, இன்னும் பிரதிகள் வாங்குவது. மைக்கேல் பக்லண்ட் குழுவினர் வழங்கல் பதிவுகளை வைத்துக் கணக்குப் போட்டார்கள். யாராக இருந்தாலும் புத்தகத்தைக் கெடு நாளை ஒட்டித்தான் திருப்பித் தருகிறார்கள். ஆகவே கெடுவைக் குறைத்தால் புத்தகம் அலமாரிக்குத் திரும்பும் வேகம் கூடும் என்று கண்டார்கள். மிக அதிகமாகக் கேட்கப்படும் சிறு பகுதி நூல்களுக்கு மட்டும் கெடுவை ஒரு வாரமாகச் சுருக்கினார்கள். தேடி வந்தவர்களுக்குப் புத்தகம் கையில் கிடைத்தது. அதன் பிறகு நடந்ததுதான் அழகு. இங்கே போனால் கிடைக்கும் என்று தெரிந்ததும் மாணவர்கள் கூடுதலாக வரத் தொடங்கினார்கள், கூடுதலாக எடுத்துப் போனார்கள், கிடைக்கும் அளவு மீண்டும் கொஞ்சம் இறங்கியது. அந்த இறக்கம் தோல்வியின் அடையாளமாகாது. வாசகர் சேவைக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்கிறார்; ஆகவே ஒருமுறை அளந்துவிட்டு ஓய்ந்துபோக முடியாது. தேர்வு நேரத்தில் ஒரு பாடநூலுக்காக ஐந்து பேர் காத்திருக்கும் நம் கல்லூரிகளில், காசு செலவில்லாத இந்தத் திருத்தத்தை எத்தனை இடங்களில் செய்திருக்கிறோம்?

மருத்துவ நூலகர்கள் இந்த மரபுக்கு உயிர்ப் பிரச்சினையின் அவசரத்தைக் கொண்டுவந்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் 15 மருத்துவமனைகளின் மருத்துவர்களிடம் ஜோஆன் மார்ஷல் நடத்திய ஆய்வு 1992இல் வெளிவந்தது. நூலகம் தந்த தகவலால் நோயாளியைக் கவனித்த விதத்தில் ஏதோ ஒன்றை மாற்றிக்கொண்டதாக 80 விழுக்காட்டினர் சொன்னார்கள். அவர்களே தங்களைப் பற்றிச் சொன்னது என்பதால் இதைச் சற்று எச்சரிக்கையோடுதான் எடுக்க வேண்டும். ஆனால் 2001இல் பால்டிமோரில் நடந்ததற்கு எந்த எச்சரிக்கைக் குறிப்பும் தேவையில்லை. ஆஸ்துமா பற்றிய ஓர் ஆய்வில் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சுவழி எடுத்துக்கொண்ட 24 வயதுத் தன்னார்வலர் நுரையீரல் பாதிக்கப்பட்டு இறந்தார். அந்த மருந்தின் நுரையீரல் ஆபத்தைப் பற்றிய கட்டுரைகள் 1950களிலேயே வந்திருந்தன. ஆய்வாளர் தேடிய பப்மெட் தரவுத்தளம் அப்போது 1966 வரைதான் பின்னோக்கிப் போனது. தேடத் தெரிந்த ஒரு நூலகர் அந்த மேசையில் இருந்திருந்தால் என்ற நினைப்பு, அந்தச் செய்தியைப் படித்த ஒவ்வொரு நூலகரையும் தூங்கவிடாமல் செய்தது.

மருத்துவர்களுக்குச் சான்று தேடித் தந்தவர்கள், தங்கள் பணிக்குச் சான்று எங்கே என்று கேட்டுக்கொண்டது இயல்பு. நியூ மெக்சிகோவின் ஜோனத்தன் எல்ட்ரெட்ஜ் 1997இல் சான்றுவழி நூலகப் பணி என்ற பெயரை முன்வைத்தார். 2001இல் ஷெஃபீல்டில் முதல் மாநாடு கூடியது. 2006இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்திலிருந்து இதற்கென்றே ஓர் ஆய்விதழ் தொடங்கியது. யாரும் காசில்லாமல் படிக்கலாம். வெளிவந்த ஆய்வுகளை எடுத்து, எந்த அளவு நம்பலாம் என்று ஓரிரு பக்கத்தில் அலசித் தரும் பகுதி அதில் உண்டு. நம் நூலகர்களுக்கு அந்தப் பகுதியைத்தான் முதலில் காட்டுவேன்.

இந்தப் பள்ளிக்குள்ளேயே பெரிய வழக்கு ஒன்று உண்டு. எல்ட்ரெட்ஜ் மருத்துவத்தின் படிநிலையைப் பின்பற்றி, முறையான தொகுப்பாய்வுகளையும் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யும் சோதனைகளையும் உச்சியில் வைத்தார். ஷெஃபீல்டின் ஆண்ட்ரூ பூத் சான்றை மூன்று ஊற்றுகளிலிருந்து எடுத்தார்: வாசகர் சொல்வது, பணியாளர் காண்பது, ஆய்வு தருவது. கனடாவின் டெனிஸ் கூஃபோகியானகிஸ் நூலகர்களிடம் பேசிப் பார்த்து, அவர்கள் உண்மையில் உள்ளூர்ச் சான்றைத்தான் அதிகம் நாடுகிறார்கள், சான்றைக் கொண்டு மற்றவரை இணங்கவைக்கவும் வேண்டியிருக்கிறது என்று எழுதினார். நான் பூத்தின் பக்கம், கூஃபோகியானகிஸின் பக்கம். அதே நேரம், எல்ட்ரெட்ஜின் கண்டிப்பு இல்லாவிட்டால் உள்ளூர்ச் சான்று என்ற பெயரில் பழைய வழக்கமே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தாமதக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். சிகாகோ பொது நூலகம் 2019 அக்டோபரில் அதை நீக்கியதும் முதல் சில வாரங்களில் புத்தகம் திரும்புவது 240 விழுக்காடு கூடியதாகச் செய்தி பரவியது. பழகிய கண்ணுக்கு இது பாதிச் சான்றுதான். பாக்கி ஏறிப்போய்ப் பயந்து ஒதுங்கியிருந்தவர்கள் மொத்தமாக வந்தால் எண் எகிறத்தான் செய்யும். ஒரு வருடம் கழித்து என்ன ஆனது என்று கேட்க வேண்டும். தாமதக் கட்டணம் பற்றிய சான்பிரான்சிஸ்கோவின் அறிக்கை எனக்கு அதைவிடக் கனமாகப் படுகிறது. எந்த வட்டாரத்து வாசகரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தாமதிக்கிறார்கள். ஆனால் நூலக அட்டை முடக்கப்படுவது ஏழை வட்டாரங்களில்தான் அதிகம் என்று அது கண்டது. முதலாவது ஒரு விளைவைச் சொல்கிறது, இரண்டாவது அதன் காரணத்தைத் தொடுகிறது.

நம்மிடம் சான்றுக்குப் பஞ்சம் இல்லை. ஒவ்வொரு நூலக வாசலிலும் வருகைப் பதிவேடு இருக்கிறது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நூல்கள் வழங்கினோம் என்று நாள்தோறும் எழுதுகிறோம், மாதந்தோறும் கூட்டி மேலே அனுப்புகிறோம். மேலே போன எண் ஒரு முடிவாகக் கீழே திரும்பி வந்து நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். காலை ஏழு மணிக்குப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து கதவு திறக்கக் காத்திருப்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை; கதவு திறந்த பிறகுதான் கையெழுத்து. அதை எழுத ஒரு பத்தியைச் சேர்ப்பதற்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

எங்கள் கல்லூரியில் அதைத்தான் செய்தோம். அந்த அம்மாவிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். மாலையில் மேசைகளிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு புத்தகத்தின் எண்ணையும் எழுதி எதிரே ஒரு கோடு. எடுத்த புத்தகத்தை வாசகர்களே அலமாரியில் சொருகிவிட்டால் கணக்கு தவறும் என்பதால், படித்ததை மேசையிலேயே விட்டுச் செல்லவும் என்று பலகை எழுதி வைத்தோம். ஒரு மாதம். கலைச்சொல் அகராதியின் எதிரே கோடுகள் வரி தாண்டிப் போயின. யார் எடுக்கிறார்கள் என்று ஒரு வாரம் அந்த மேசையருகே இருந்து பார்த்தேன். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, ஆங்கிலப் பாடநூலோடு திணறும் முதலாண்டுப் பிள்ளைகள். பாடப் புத்தகத்தை ஒரு பக்கமும் அகராதியை மறு பக்கமும் விரித்து வைத்து, ஓரத்தில் பென்சிலால் தமிழ்ச் சொல்லை எழுதிக்கொண்டிருந்தார்கள். இருந்தது ஒரே பிரதி. அதை வீட்டுக்கு எடுத்துப் போனால் மற்றவர்களுக்கு இருக்காது என்று அவர்களாகவே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்.

நோட்டைக் குழுவின் முன் வைத்தேன். கழிவுப் பட்டியல் திருத்தப்பட்டது. அகராதிக்கு மேலும் இரண்டு பிரதிகள் வாங்கி, அலமாரிக்கு அனுப்பாமல், அந்த மேசையின் மேலேயே வைத்தோம்.