கல்லும் கணனியும்

1800களின் தொடக்கத்தில் மன்னாரின் அரிப்புக் கரையில் நிகழ்ந்த முத்துச் சலாபத்தில், படகொன்றிற்குக் குளிப்போர் பதின்மர். மூழ்குவதற்குரிய கற்களோ ஐந்து. ஐவர் மூழ்குகையில் ஐவர் இளைப்பாறினர், கல் ஓய்ந்திருக்கவில்லை.

பல முறைவழியாக்கிகளைக் கொண்ட கணனியிலும் இத்தகைய பங்கீட்டுச் சிக்கல் எழுகின்றது. கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1985இல் தொடங்கப்பெற்ற 'மாக்' பணிசெயல் முறைமை, அவற்றைக் குழுக்களாக வகுத்துப் பிரயோகங்களுக்கு ஒதுக்க வழிசெய்தது. ஒன்றின் பங்கை மற்றொன்று கவராது என்பது இதன் சிறப்பு. ஆயின், ஒரு குழு வேலையற்றிருக்க, அயற்குழு சுமையால் திணறுதலும் இதனாலேயே நேரும். உச்சத் தேவையை அளவாகக் கொண்டு ஒதுக்குவோர், கற்களைப் பத்தாக்கி ஐந்தை வாளா கிடத்துவோரே.

எனினும் ஒப்புமைக்கு எல்லையுண்டு. கடலில் இளைப்பாறல் குளிப்போனின் உயிர்காப்பு. கணனியில் காத்திருத்தல் வெறுந் தாமதம். குழுக்களை மாற்றியமைக்கவும் 'மாக்' இடமளித்தது. ஆகவே, குறை எல்லை வகுத்தலில் அன்று. தேவை மாறியபின்னும் அவ்வெல்லையை மாற்றாமையிலேயே உள்ளது.