முன்னோடிகள் யாருக்கு முன்னே ஓடினார்கள்?

டெக்ஸாஸின் பிரெசிடியோ கவுண்டியும் அதன் சாலையோரப் பலகைகளும்

1

வரலாறு என்றதும் நமக்குப் புத்தகமும் ஆவணக் காப்பகமும்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் பெருவாரியான ஜனங்கள் வரலாற்றைப் படிப்பது அங்கே இல்லை. தெருப் பெயரில், சிலையின் பீடத்தில், சாலையோரத்துக் கல்லில் படிக்கிறார்கள். அப்படியானால் சாலையோரப் பலகையை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, இதை எழுதியது யார், காசு கொடுத்தது யார், இதன் வாக்கியங்களில் எழுவாய் யார் என்று கேட்பதும் விமர்சனத்தின் வேலைதான். 'ஒரு உலோகப் பலகையில அப்படி என்னய்யா இருக்கு?' என்று நண்பர்கள் கேட்கலாம். ஒன்றுமே இல்லையென்றால் அதை நடவிடாமல் தடுக்க ஏன் இத்தனை பேர் மெனக்கெடுகிறார்கள் என்பதுதான் நம் பதில் கேள்வி.

எடுத்துக்கொள்ளும் உதாரணம் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய பிரெசிடியோ கவுண்டி. பரப்பு கிட்டத்தட்ட 10,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 6,131. அதில் பெரும்பான்மை மெக்சிக வம்சாவளியினர். மார்ஃபா, பிரெசிடியோ என்று இரண்டு சின்ன ஊர்கள். மிச்சமெல்லாம் மேய்ச்சல் வெளி, முள்வேலி, மாட்டுப்பண்ணை.

2

டெக்ஸாஸ் மெக்சிகோவிலிருந்து பிரிந்து நூறு வருஷம் ஆனதை 1936இல் கொண்டாடினார்கள். மாநில அரசு 30 லட்சம் டாலர் ஒதுக்கியது. கருங்கல் பலகைகள், சிலைகள், அருங்காட்சியகங்கள் என்று ஊர் ஊராக நட்டார்கள். 1962 முதல் வார்ப்பு அலுமினியப் பலகைகள் வந்தன. இன்று மாநிலத்தின் 254 கவுண்டிகளிலும் சேர்த்து 16,000க்கும் மேல் இருக்கின்றன.

இந்தப் பலகை எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். விண்ணப்பம் யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் அது கவுண்டியின் வரலாற்றுக் குழு வழியாகத்தான் போக வேண்டும். குழு உறுப்பினர்கள் கவுண்டி நிர்வாகம் நியமிக்கிற தன்னார்வலர்கள். விண்ணப்பக் கட்டணத்தையும் வார்ப்புச் செலவையும் விண்ணப்பிப்பவரே ஏற்க வேண்டும். தனியார் நிலத்தில் நட வேண்டுமென்றால் நிலச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். வாசகத்தை மாநில வரலாற்று ஆணையம் இறுதி செய்யும்.

பார்க்க ரொம்ப ஜனநாயகமாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் இந்த நிபந்தனைகளை ஒரு மாட்டுப்பண்ணைக் கவுண்டியில் வைத்துப் பாருங்கள். ஓய்வு நேரம் யாரிடம் இருக்கிறது? தாத்தாவின் கடிதங்களும் பத்திரங்களும் போட்டோக்களும் யார் வீட்டு அலமாரியில் இருக்கின்றன? நிலம் யாருடையது? பண்ணைக்காரக் குடும்பத்திடம் மூன்றும் இருக்கிறது. அந்தப் பண்ணையில் மாடு மேய்த்தவனின் பேரனிடம் மூன்றும் இல்லை. ஆக, பண்ணைக்காரனின் குடும்பக் கதைக்கு அரசு முத்திரை குத்தி அதைப் பொது வரலாறாக மாற்றிக் கொடுக்க யாரும் சதி செய்ய வேண்டியதே இல்லை. விண்ணப்பப் படிவம் போதும்.

இனி இந்த வகைப் பிரதியின் இலக்கணத்துக்கு வருவோம். இன்னார் இன்ன வருஷம் வந்தார், கிணறு வெட்டினார், வீடு கட்டினார், முதல் தேவாலயம், முதல் பள்ளிக்கூடம், முதல் தபால் நிலையம். எல்லாம் 'முதல்'தான். 'முதல்' என்ற சொல்லுக்கு முன்னால் எப்போதும் வெற்று நிலம் ஒன்று தேவைப்படுகிறது. பிரெசிடியோவில் அப்படி ஒரு வெற்று நிலம் இருந்ததில்லை. கோன்சோஸ் ஆறும் ரியோ கிராண்டேயும் கூடுகிற லா ஹூந்தாவில் ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஊர் அமைத்து மக்காச்சோளம் பயிரிட்டவர்கள் இருந்தார்கள். அப்பாச்சேக்கள் இருந்தார்கள். கொமாஞ்சேக்களின் பாதை இதன் வழியாக மெக்சிகோவுக்குள் போனது. ஸ்பானியர் வந்தார்கள், மெக்சிக விவசாயிகள் வந்தார்கள். 1883இல் ரயில் வந்து மார்ஃபா உருவானபோது இந்த நிலம் ஏற்கெனவே பல முறை பெயர் சூட்டப்பட்டு, பல முறை பிடுங்கப்பட்டிருந்தது.

'பயனீர்' என்கிற ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. பழைய பிரெஞ்சில் அது காலாட்படைக்காரனைக் குறித்தது. பிறகு படைக்கு முன்னே போய்க் குழி தோண்டி வழி வெட்டுகிற ஆளைக் குறித்தது. நாம் அதை 'முன்னோடி' என்று பெயர்த்துக்கொண்டோம். முன்னே ஓடுகிறவனுக்குப் பின்னால் ஒரு படை வருகிறது என்கிற விஷயம் ஆங்கிலத்திலும் மறந்துபோச்சு, தமிழிலும் மறைஞ்சுபோச்சு. பலகையிலும் அந்தப் படை கண்ணுக்குத் தெரிவதில்லை.

3

படை கண்ணுக்குத் தெரிந்த ஒரு இரவு உண்டு. ஆற்றங்கரையில் போர்வெனிர் என்று ஒரு சின்ன கிராமம். ஸ்பானிஷில் 'வருங்காலம்' என்று அர்த்தம். சுமார் 140 பேர் விவசாயம் செய்து பிழைத்தார்கள். 1917 கிறிஸ்துமஸ் அன்று அதே கவுண்டியில் பிரைட் பண்ணையை எல்லை தாண்டி வந்தவர்கள் கொள்ளையடித்தார்கள். அதில் உயிர்களும் போயின. பழி போர்வெனிர் மேல் விழுந்தது. 1918 ஜனவரி 28 அதிகாலை டெக்ஸாஸ் ரேஞ்சர்களின் பி கம்பெனியும், உள்ளூர்ப் பண்ணைக்காரர்கள் நாலு பேரும், அமெரிக்கக் குதிரைப்படையினரும் கிராமத்துக்கு வந்தார்கள். 15 ஆண்களையும் சிறுவர்களையும் தனியே கூட்டிப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். யார் கையிலும் ஆயுதம் இல்லை. மிச்சம் இருந்தவர்கள் ஆற்றைக் கடந்து மெக்சிகோவுக்கு ஓடினார்கள். பிணங்களையும் அக்கரையில்தான் புதைத்தார்கள். பிறகு கிராமமே தரைமட்டமாக்கப்பட்டது.

ஹைட்டிய மானுடவியலாளர் மிஷேல்-ரோல்ஃப் த்ரூயோ 1995இல் எழுதிய நூலில், மௌனம் வரலாற்றுக்குள் நாலு கட்டங்களில் நுழைகிறது என்கிறார்: சான்று உருவாகும்போது, காப்பகத்தில் சேரும்போது, கதையாகக் கட்டப்படும்போது, கடைசியில் அதற்கு முக்கியத்துவம் கற்பிக்கப்படும்போது. போர்வெனிரை இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம்.

சான்று: இருட்டிலிருந்து எங்களைச் சுட்டார்கள், திருப்பிச் சுட்டோம் என்று ரேஞ்சர்களின் கேப்டன் அறிக்கை கொடுத்தார். நமக்கும் பழக்கமான வாக்கியம்தான். அதை மறுக்கிற சான்று மிஞ்சியதற்குக் காரணம் ஹாரி வாரன் என்கிற பள்ளி ஆசிரியர். மறுநாள் பிணங்களைப் பார்த்து, செத்தவர்களின் பெயர்களை எழுதி வைத்தார். அதில் ஒருவர் அவருடைய மாமனார். காப்பகம்: ஹோசே தோமாஸ் கனாலெஸ் என்கிற சட்டமன்ற உறுப்பினர் 1919இல் ரேஞ்சர்கள் மேல் விசாரணை கோரினார். சாட்சியங்கள் பதிவாயின, ஆனால் அந்தப் பதிவுகள் 1970கள் வரை பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. ஐந்து ரேஞ்சர்களை நீக்கினார்கள், பி கம்பெனியைக் கலைத்தார்கள், கேப்டன் ராஜினாமா செய்தார். கொலைக்காக ஒருத்தர் மேலும் வழக்கு நடக்கவில்லை. கதை: ரேஞ்சர் என்றால் தொப்பியும் குதிரையும் நியாயமும் என்று சினிமாவும் தொலைக்காட்சியும் சொல்லிக்கொண்டே இருந்தன. போர்வெனிரின் கதையைச் செத்தவர்களின் பிள்ளைகள் வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் சொன்னார்கள், அல்லது சொல்லாமலே இருந்தார்கள்.

நாலாவது கட்டம்தான் பலகை. பேராசிரியர்களும் செத்தவர்களின் வாரிசுகளும் முயன்று, 2018இல் ஆணையத்திடம் ஒப்புதல் வாங்கினார்கள். உடனே கவுண்டி வரலாற்றுக் குழுவின் பக்கமிருந்தே எதிர்ப்பு கிளம்பியது. வார்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. யார் யார் கொன்றார்கள் என்று எழுதுவது, குறிப்பாகப் பண்ணைக்காரர்களையும் ராணுவத்தையும் வாக்கியத்துக்குள் கொண்டுவருவதுதான் தகராறு. ராணுவம் பயன்படுத்திய வகைத் தோட்டாக்கள் 2015இல் நடந்த தொல்லியல் ஆய்வில் அந்த இடத்திலேயே கிடைத்திருந்தும் இந்த நிலை. கடைசியில் 2018 நவம்பர் 30 அன்று பலகை திறக்கப்பட்டது. ஆனால் கொலை நடந்த இடத்தில் அல்ல. அந்த இடம் தனியார் பண்ணை நிலம். பலகை பல மைல் தள்ளி, 90ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிறது.

4

இன்னொரு புதைகுழியையும் பார்ப்போம். மார்ஃபாவில் 1909இல் மண்கல்லால் கட்டிய பிளாக்வெல் பள்ளிக்கூடம். மெக்சிகப் பிள்ளைகளை வெள்ளைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்து வைத்த பள்ளி. அப்படிப் பிரிக்கச் சொல்லி டெக்ஸாஸில் சட்டம் இல்லை, வழக்கமே போதுமானதாக இருந்தது. 1965 வரை நடந்தது. ஸ்பானிஷ் பேசினால் அடி. 1954இல் பிள்ளைகளை 'ஸ்பானிஷ் பேச மாட்டேன்' என்று சீட்டில் எழுத வைத்து, அந்தச் சீட்டுகளைப் பெட்டியில் போட்டு, சவ அடக்கம் மாதிரியே சடங்கு நடத்திக் கொடிக்கம்பத்தருகே புதைக்க வைத்தார்கள்.

இந்தச் சடங்கின் அபத்தம் பண்ணைக்காரனின் வாயில்தான் இருக்கிறது. 'ராஞ்ச்' என்பதே ஸ்பானிஷின் 'ராஞ்சோ'. மாட்டைப் பிடிக்கிற 'லாரியட்' கயிறு 'லா ரியாத்தா'. மேய்ப்பனைச் சொல்லும் 'பக்கரூ', 'வக்கேரோ'வின் திரிபு. 'ரோடியோ' அப்படியே ஸ்பானிஷ். கவுண்டியின் பெயரே கோட்டையைக் குறிக்கிற ஸ்பானிஷ் சொல். தொழிலைச் சொல்லிக்கொடுத்தவனின் சொற்களை எடுத்துக்கொண்டு, அவன் பிள்ளை அந்த மொழியைப் பேசினால் பிரம்பால் அடிக்கிற கலாச்சாரத்துக்குத்தான் 'முன்னோடிப் பாரம்பரியம்' என்று பெயர். பலகைகளின் ஆங்கில வாசகத்தில் இந்தச் சொற்களை எண்ணிப் பார்த்தாலே போதும், நிலத்தில் ஏற்கெனவே யார் இருந்தார்கள் என்று தெரிந்துவிடும்.

பழைய மாணவர்கள் சேர்ந்து இந்தக் கட்டடத்தை இடிபடாமல் காப்பாற்றினார்கள். 2007இல் ஒரு ஸ்பானிஷ் அகராதியை மண்ணிலிருந்து தோண்டி எடுத்து எதிர்ச்சடங்கு நடத்தினார்கள். 2022இல் சட்டம் நிறைவேறி, 2024இல் இது தேசிய வரலாற்றுத் தலம் ஆனது.

அதே ஊரில் இன்னொரு வகை முன்னோடியும் உண்டு. எல்லையைக் கண்காணிக்க 1911இல் அமைத்த ராணுவ முகாம் பின்னாளில் கோட்டையாகி, மூடப்பட்டு, டொனால்ட் ஜட் என்கிற கலைஞரின் கைக்கு வந்தது. அதன் பீரங்கிக் கொட்டகைகளில் அவருடைய 100 அலுமினியப் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. தலைப்பில்லாதவை, எதையும் குறிக்க மறுப்பவை. அவற்றைப் பார்க்க உலகம் பூராவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். எதையும் குறிக்காத கலை குடியேற, எல்லையைக் காவல் காத்த ஒரு முகாம் காலியாகக் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்காத அழகியல் எனக்குப் போதவில்லை.

5

சரி, இப்போது நாம் என்ன கேட்கலாம்? 2006லிருந்து டெக்ஸாஸ் ஆணையம் 'குறைவாகச் சொல்லப்பட்ட' வரலாறுகளுக்கென்று தனித் திட்டம் வைத்திருக்கிறது. கறுப்பர்கள், மெக்சிகர்கள், பெண்கள் எனப் பலருக்கும் பலகைகள் கிடைத்தன. இதை அரசு விழுங்கும் தந்திரம் என்று ஒரேயடியாகத் தள்ளுகிற தோழர்கள் உண்டு. வீட்டுக்குள் மட்டுமே சொல்லப்பட்ட சாவு அரசின் உலோகத்தில் எழுதப்பட்டதை ஒரு பேத்தி தொட்டுப் பார்க்கிறாள் என்றால் அது அற்ப விஷயம் இல்லை. அதைத் தள்ளுகிற சொகுசு அவளுக்குக் கிடையாது.

ஆனால் இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. புதுப் பலகை வந்த பிறகும் பழைய பலகையில் ஒரு எழுத்துகூட மாறுவதில்லை. பண்ணைக்காரனுக்கு ஒன்று, பண்ணையில் செத்தவனுக்கு ஒன்று என்று கணக்கு நேராகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற உறவு, அதாவது ஒருவனின் வளமும் இன்னொருவனின் ஓட்டமும் ஒரே நிகழ்ச்சி என்பது, எந்தப் பலகையிலும் இடம்பெறாமல் போகிறது. பன்மைத்துவம் என்று நாம் கொண்டாடுகிற பலதும் இப்படி அடுத்தடுத்து நிறுத்திவைத்த பலகைகள்தான்.

போர்வெனிர் பலகையின் முக்கியத்துவம் அது இன்னொரு பலகை என்பதில் இல்லை. அது படுகொலை என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைக்கிறது. ரேஞ்சர், பண்ணைக்காரன், சிப்பாய் மூவரையும் எழுவாயாக்குகிறது. 'உயிரிழப்பு நேர்ந்தது' என்று எழுதியிருந்தால் யாரும் எதிர்த்திருக்க மாட்டார்கள். ஆகவே பலகை வேண்டும் என்பதோடு நம் கோரிக்கை நிற்கக் கூடாது. செய்தவன் பெயர் வாக்கியத்தில் வர வேண்டும். பழைய பலகைகளில் 'முதல்' என்று இருக்கிற இடங்களைத் திருத்தி எழுத வேண்டும். விண்ணப்பத்துக்கு நிலமும் காசும் கேட்கிற நடைமுறை மாற வேண்டும். இந்த மூன்றும் கிடைக்கிறவரை நெடுஞ்சாலையோரத்தில் நிற்கிற அந்த ஒற்றைப் பலகையைப் பாதி ஜெயித்த வழக்காகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மிச்சப் பாதி வேலிக்கு அந்தப் பக்கம் பண்ணை நிலத்தில் கிடக்கிறது.