மூன்றாம் இடத்தின் விலை

2025 மே மாதத்தின் முதல் வாரம். இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பில் 46 ஆட்டங்களும் முடிந்து சண்டர்லேண்ட் நான்காம் இடத்தில் நின்றது. பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கி எட்டு வருடம். அதில் நான்கு வருடம் இன்னும் கீழே, மூன்றாம் நிலை லீக்கில் போயிற்று. இனி மூன்று ஆட்டங்கள் சரியாக அமைந்தால் உச்சிக்குத் திரும்பிவிடலாம். ஆனால் ஆசைப்படவே பயமாக இருந்த நேரம் அது. கடைசி ஐந்து லீக் ஆட்டங்களிலும் அணி வரிசையாகத் தோற்றிருந்தது.

நான்காம் இடம் எப்படியும் உறுதி, அதனால் அணி அசந்துவிட்டது, பிளே ஆஃப் வந்தால் விழித்துக்கொள்ளும் என்று ஒரு மனம் சொல்லும். ஐந்து தோல்வி ஐந்து தோல்விதான் என்று இன்னொரு மனம் சொல்லும். இரண்டும் ஒரே ரசிகனுக்குள் இருக்கும் மனங்கள். அந்தச் சந்தேகத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. 1987இல், பிளே ஆஃப் முறை வந்த முதல் வருடமே, கில்லிங்காமிடம் தோற்று சண்டர்லேண்ட் மூன்றாம் டிவிஷனுக்குப் போனது. 1998 இறுதியில் பெனால்டியில் தோல்வி. 2004 அரையிறுதியிலும் பெனால்டி. 2019இல் மூன்றாம் நிலை லீக்கின் இறுதியில் 94ஆவது நிமிடத்து கோலில் சார்ல்டனிடம் தோல்வி. 2021, 2023 இரண்டிலும் அரையிறுதியோடு சரி. நடுவில் 2022இல் மட்டும் விக்கம் அணியை வென்று ஒரு படி ஏறியது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். இந்த ரசிகர்கள் ஒவ்வொரு முறையும் போகிறார்கள். அப்படி அவர்களைத் திரும்பத் திரும்ப இழுக்கும் இந்த முறை நியாயமானதா என்பதுதான் என் கேள்வி.

2024-25 சீசனில் இருந்த முறை இதுதான். 24 அணிகள். முதல் இரண்டு இடங்களுக்கு நேரடி உயர்வு. மூன்றாம் இடத்திலிருந்து ஆறாம் இடம்வரை உள்ள நான்கு அணிகள் மீதமுள்ள ஒரே இடத்துக்கு மோதும். மூன்றும் ஆறும், நான்கும் ஐந்தும் ஊருக்கு ஒன்றாக இரண்டு ஆட்டம் ஆடும். வென்ற இருவருக்கும் வெம்ப்லி மைதானத்தில் ஒரே ஆட்டம்.

இது பிறந்த சூழலை மறந்துவிட்டு இதை எடைபோடக் கூடாது. 1948-49 சீசனில் இங்கிலாந்து லீக் ஆட்டங்களைப் பார்க்க வந்த கூட்டம் 4 கோடியே 12 லட்சத்துக்கும் மேல். 1985-86இல் அது 1 கோடியே 65 லட்சமாகச் சுருங்கியது. 1985 மே மாதத்தில் பிராட்ஃபோர்டு மைதானம் தீப்பிடித்து எரிந்தது. அதே மாதம் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் சுவர் இடிந்து உயிர்கள் போயின. கால்பந்து மைதானம் என்றாலே குடும்பத்தோடு போகத் தயங்கும் இடமாகியிருந்தது. அந்த வருடக் கடைசியில் கிளப்புகள் கூடிப் பேசி, முதல் டிவிஷனின் அணிகளைக் குறைக்கவும் மக்களைத் திரும்ப வரவழைக்கவும் கண்ட வழிகளில் ஒன்று பிளே ஆஃப்.

அந்த நோக்கம் நிறைவேறியது. இதில் வாதத்துக்கே இடமில்லை. பிளே ஆஃப் இல்லாத லீக்கில் பிப்ரவரி மாதமே பாதி அணிகளுக்குச் சீசன் முடிந்துவிடும். ஏறவும் வழியில்லை, இறங்கவும் பயமில்லை. மீதி ஆட்டங்கள் சடங்கு. 2024-25இல் பர்ன்லியும் லீட்ஸும் ஆளுக்கு 100 புள்ளி எடுத்தன. பழைய முறையாக இருந்தால் ஷெஃபீல்டு யுனைடெட்டைத் தவிர வேறு யாருக்கும் அங்கே வேலை இருந்திருக்காது. ஆனால் கோவென்ட்ரி 69, பிரிஸ்டல் சிட்டி 68, பிளாக்பர்னும் மில்வாலும் 66 என்று கடைசி நாள்வரை ஐந்தாறு ஊர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தன. வருடம் முழுக்கச் சீட்டு வாங்கி, மழையிலும் குளிரிலும் வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும் ஒரு தொழிலாளிக்கு ஏப்ரல் மாதத்திலும் ஆசைப்பட ஒரு காரணம் கிடைப்பது சின்ன விஷயமில்லை. லீக் அவருக்குத் தரக்கூடிய பெரிய மரியாதை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த ஆசைக்கான செலவை ஏற்பது மூன்றாம் இடத்து அணி.

1990ஐப் பாருங்கள். நியூகாசில் 80 புள்ளிகளோடு மூன்றாம் இடம். பக்கத்து ஊரான சண்டர்லேண்ட் 74 புள்ளிகளோடு ஆறாம் இடம். அரையிறுதியில் சண்டர்லேண்ட் நியூகாசிலை வீழ்த்தியது. பிறகு இறுதியில் ஸ்விண்டனிடம் 1-0 என்று தோற்றது. ஸ்விண்டன் பண முறைகேட்டில் சிக்கியதால் அதன் உயர்வு பறிக்கப்பட்டு, தோற்ற சண்டர்லேண்டுக்குப் போனது. ஆறாம் இடம் பிடித்து, இறுதியிலும் தோற்ற அணி மேலே. மூன்றாம் இடத்து அணி கீழேயே. எட்டு வருடம் கழித்து அதே சண்டர்லேண்ட் மறுபக்கம் நின்றது. 1997-98இல் 90 புள்ளி. நேரடி உயர்வு பெற்ற மிடில்ஸ்பரோவைவிட ஒரே ஒரு புள்ளி குறைவு. வெம்ப்லி இறுதியில் 88 புள்ளி எடுத்த சார்ல்டனோடு 4-4. சார்ல்டனுக்காக மூன்று கோல் அடித்த கிளைவ் மென்டோன்கா சண்டர்லேண்டில், அந்த அணியின் ரசிகராக வளர்ந்தவர். பெனால்டி 7-6 என்று ஆனபோது சண்டர்லேண்டின் மைக்கேல் கிரே அடிக்க வந்தார். அவரும் உள்ளூர்ப் பிள்ளைதான். பந்து மெதுவாக, கோல்கீப்பரின் கைக்கே போனது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

நம் ஊரில் ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த அநீதி சட்டென்று புரியும். அங்கே முதல் இரண்டு இடம் பிடித்த அணிகளுக்கு ஒரு தோல்வியைத் தாங்கும் இரண்டாம் வாய்ப்பு உண்டு. சாம்பியன்ஷிப்பில் மூன்றாம் இடத்துக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று: அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம் சொந்த மைதானத்தில். அது எத்தனை மெல்லிய சலுகை என்பதை லீட்ஸ் ரசிகர்களிடம் கேளுங்கள். 2019இல் பயிற்சியாளர் மார்செலோ பியெல்சாவின் லீட்ஸ் 83 புள்ளி, டெர்பி 74. டெர்பியின் ஊரில் 1-0 என்று வென்றுவிட்டு வந்த லீட்ஸ், தன் எல்லண்ட் ரோடு மைதானத்தில் 4-2 என்று தோற்று வெளியேறியது. 2024இல் 90 புள்ளி எடுத்தும் இறுதியில் சவுத்தாம்ப்டனிடம் தோல்வி. பிளே ஆஃபில் ஆறு முறை ஆடிய லீட்ஸ் ஆறு முறையும் தோற்றது. ஏறியபோதெல்லாம் முதல் இரண்டு இடங்களில் ஒன்றைப் பிடித்துத்தான் ஏறியது. அந்த ஊர்க்காரர் பிளே ஆஃப் என்றதும் தலையைக் குனிந்துகொண்டால் அது அவநம்பிக்கை அல்ல, அனுபவம்.

கீழே முடித்த அணி மேலே போய்த் தாக்குப்பிடிக்காது என்று இன்னொரு வாதம் வைப்பார்கள். பிரீமியர் லீக் வரலாற்றில் மிகக் குறைந்த புள்ளிகள் டெர்பியின் 11 (2007-08), அடுத்து சவுத்தாம்ப்டனின் 12 (2024-25). இரண்டுமே பிளே ஆஃப் வழியாக வந்த அணிகள். லூட்டன் 2023இல் ஏறி, 2024இல் இறங்கி, 2025இல் மூன்றாம் நிலைக்கே போய்விட்டது. ஆனாலும் இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. 2013இல் ஐந்தாம் இடத்திலிருந்து பிளே ஆஃப் வென்று போன கிரிஸ்டல் பேலஸ் அதன்பிறகு ஒரு சீசனிலும் இறங்காமல் நின்று, 2025 மே 17 அன்று எஃப்.ஏ. கோப்பையையே தூக்கியது.

உண்மையான கேடு பணத்தில் இருக்கிறது. வெம்ப்லி இறுதியை வெல்வதன் மதிப்பை 20 கோடி பவுண்டு அளவில் கணக்கிடுகிறார்கள். அந்தத் தொகை கண்ணெதிரே ஆடும்போது, ‘இன்னும் ஒரு வருடம், இன்னும் இரண்டு ஆட்டக்காரர்கள்’ என்று கிளப் முதலாளிகள் கையை மீறிச் செலவழிக்கிறார்கள். டெர்பி 2014, 2016, 2018, 2019 என்று நான்கு முறை பிளே ஆஃபில் தோற்றது. நடுவே தன் மைதானத்தையே முதலாளியின் இன்னொரு நிறுவனத்துக்கு விற்றுக் கணக்கைச் சரிக்கட்டியது. 2021இல் திவாலாகி, 21 புள்ளி பறிக்கப்பட்டு, 2022இல் மூன்றாம் நிலைக்கு விழுந்தது. செலவு செய்தவர் போய்விட்டார். சீட்டு வாங்கிய ரசிகர்கள் அங்கேயேதான் இருந்தார்கள்.

இதையெல்லாம் சொன்ன பிறகு, 2025 மே 13 இரவைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவனாக மாட்டேன்.

அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கோவென்ட்ரியில் 2-1 என்று வென்றுவந்த சண்டர்லேண்ட், சொந்த மண்ணில் 76ஆவது நிமிடத்தில் ஒரு கோல் வாங்கியது. மொத்தத்தில் 2-2. கூடுதல் நேரம். நமக்கு அது பின்னிரவு. தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைதானத்தில் ஒருவர் முகத்தில்கூட உற்சாகமில்லை. எல்லாரும் பெனால்டியை நினைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊருக்குப் பெனால்டி என்றால் என்ன என்று மேலே சொல்லிவிட்டேன். 122ஆவது நிமிடம், ஒரு கார்னர். தடுப்பாட்டக்காரர் டான் பாலார்டு எழும்பித் தலையால் இடித்தார். பந்து வலைக்குள். அடுத்த நொடி, கேமரா காட்டிய திசையெல்லாம் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். ஐந்து தோல்வி தந்த சந்தேகம் முழுவதும் அந்த ஓர் இடியில் போயிற்று.

நானூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து மே 24 அன்று அந்த ரசிகர்கள் வெம்ப்லி போனார்கள். எதிரே ஷெஃபீல்டு யுனைடெட். 90 புள்ளி. சண்டர்லேண்டைவிட 14 அதிகம். முதல் கோலும் அவர்களுடையதே. 38ஆவது நிமிடத்தில் ஹாரிசன் பரோஸ் அடித்த இரண்டாவதையும் நடுவர் கோல் என்றே அறிவித்தார். பிறகு காணொளி நடுவர் முறையான விஏஆர் அழைத்தது. சக ஆட்டக்காரர் ஆஃப்சைடில் நின்று கோல்கீப்பரின் பார்வையை மறைத்தார் என்று கோல் ரத்தானது. விதிப்படி அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் 46 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட விஏஆர் கிடையாது. வருடமெல்லாம் ஒரு தராசு, கடைசி நாளுக்கு மட்டும் வேறு தராசு. 76ஆவது நிமிடத்தில் எலியேசர் மயேண்டா சமன் செய்ய, 95ஆவது நிமிடத்தில் சண்டர்லேண்டின் சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த 19 வயது டாம் வாட்சன் தாழ்வாக அடித்து முடித்துவைத்தார். பிரைட்டன் போவது முன்பே முடிவாகியிருந்த அந்தப் பையனுக்கு அதுதான் சண்டர்லேண்டுக்காகக் கடைசி ஆட்டம். ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு அது பத்தாவது பிளே ஆஃப், பத்தாவது தோல்வி. ஜூனில் பயிற்சியாளர் கிறிஸ் வைல்டரை அனுப்பிவிட்டு, புதிய சீசனின் முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் தோற்று, செப்டம்பரில் அவரையே திரும்ப அழைத்தார்கள்.

மற்ற நாடுகள் இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்திருக்கின்றன. இத்தாலியின் இரண்டாம் நிலை லீக்கில், மூன்றாம் அணி நான்காம் அணியைவிட 14 புள்ளிக்கு மேல் முன்னால் இருந்தால் பிளே ஆஃபே கிடையாது, நேரே உயர்வு. ஷெஃபீல்டு யுனைடெட்டின் முன்னிலை சரியாக 14. பழைய பாக்கிக்காக 2 புள்ளி பறிக்கப்படாமல் இருந்திருந்தால் 16. இத்தாலியில் அரையிறுதி சமனானால் கூடுதல் நேரமும் இல்லை, மேலே முடித்த அணி போகும். ஸ்பெயினில் கூடுதல் நேரம் உண்டு, அதன் பிறகும் சமம் என்றால் பெனால்டி இல்லை, மேலே முடித்த அணிக்கே வெற்றி.

இத்தாலியின் சமநிலை விதி இங்கிலாந்தில் இருந்திருந்தால் பாலார்டின் கோலே இருந்திருக்காது. 90ஆவது நிமிடத்தோடு சண்டர்லேண்ட் அமைதியாக இறுதிக்குப் போயிருக்கும். அந்த இழப்பு எனக்குச் சம்மதமில்லை. எனவே புள்ளி இடைவெளி விதியை இத்தாலியிடமும், சமநிலை விதியை ஸ்பெயினிடமும் எடுத்துக்கொள்ளலாம் என்பேன். அதிலும் ஒரு குறை உண்டு. சமம் போதும் என்ற அணி பின்வாங்கி ஆடும். அந்தக் கார்னருக்கு அத்தனை பேர் முன்னேறி வந்திருக்க மாட்டார்கள். அந்தக் குறையோடு இதை ஏற்கலாம். பிளே ஆஃப் இருக்கட்டும், ஆறாம் இடத்துக்கு ஆசை இருக்கட்டும். ஆனால் ஆறாம் இடத்து அணி மூன்றாம் இடத்து அணியை ஆடி வெல்ல வேண்டும். சமன் செய்து, பெனால்டிக்கு இழுத்துப்போய் வெல்லக் கூடாது. அந்த ஒரு விதி இருந்திருந்தால் 1998 மே மாதம் மைக்கேல் கிரே பெனால்டி அடிக்க நடந்து வந்திருக்கத் தேவையே இல்லை. 90 புள்ளி எடுத்த சண்டர்லேண்ட் அன்று மாலையே மேலே போயிருக்கும்.